ஏட்டையாவுக்குச் சிரிப்பு வந்தது

தலைமைக் காவலர் புகழ்வேந்தன் அதிகாலையில் எழுவார். எழுந்தவுடன் முகம் மழிப்பார். மழித்த முகத்தை அன்று முழுவதும் அசைக்க மாட்டார். சீருடையைத் தாமே தேய்த்துக்கொள்வார். புதுச்சேரிக் காவலர்க்கே உரிய சிவப்புத் தொப்பியை மெல்லிய துணியால் துடைத்து, அதன் முன்விளிம்பு புருவங்களுக்கு நேராக வருமாறு கண்ணாடி முன் நின்று பொருத்துவார். தேநீரை நின்றவாறே அருந்துவார். திருமண வீடுகளில் மணமக்களோடு நிழற்படம் எடுத்துக்கொள்ள நேர்ந்தால், அடையாள அணிவகுப்பில் நிறுத்தப்பட்டவரைப் போல நிற்பார். பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடும் கரைமேட்டுப்பாளையத்து மக்கள் அவருக்குக் 'கல்லு ஏட்டு' என்று பெயரிட்டிருந்தனர். அப்பெயர் அவர் செவிக்கு எட்டிய நாளிலும் அவர் முகம் அசையவில்லை; ஆதலால் பெயர் நிலைத்துவிட்டது.

இத்தகைய மனிதருக்கு, ஐம்பது வயதைக் கடந்தபின், சென்ற தை மாதத்தில் ஒரு நாள் முற்பகலில், பணியில் இருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று புகார் கொடுக்க வந்தவர் கரும்பு விவசாயி வீரமணி. அவருடைய தங்கை மகளுக்குக் காதணி விழா. அவ்வட்டாரத்தில் காது குத்தினாலும், பெண் வயதுக்கு வந்தாலும், புதிய டிராக்டர் வாங்கினாலும் நாற்சந்தியில் பேனர் கட்டாமல் அந்நிகழ்ச்சி நடந்ததாகவே கருதப்படுவதில்லை. குழந்தையின் தந்தை சுப்பராயலுவும் கட்டியிருந்தார். அதில் தாய்மாமனாகிய வீரமணியின் படம் சிறிதாகிவிட்டது.

"எழுதிக்கிங்க ஏட்டையா," என்றார் வீரமணி, மேசையைத் தட்டி. "என் மச்சான் மூஞ்சி பூசணிக்கா சைஸ்ல இருக்குது. அவன் தம்பி மூஞ்சி தேங்கா சைஸ்ல இருக்குது. தாய்மாமன் என் மூஞ்சி எலுமிச்சம்பழம்! பாப்பாவ மடியில வச்சிக்கப் போறவன் நானு. எலுமிச்சம்பழத்துக்கு ஏது ஏட்டையா மடி?"

புகழ்வேந்தன் எழுதத் தொடங்கினார். 'எலுமிச்சம்பழம்' என்னும் சொல்லில் பேனா நின்றது. வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. அது மேலேறித் தோள்களைக் குலுக்கிற்று. தமக்கு மாரடைப்பு வந்துவிட்டதென்றே அவர் முதலில் எண்ணினார். பிறகு வாய் தானே திறந்துகொண்டது. உள்ளிருந்து இதுவரை எவரும் கேட்டறியாத ஓர் ஒலி, மழைக்காலத்தில் உயிர்பெற்ற பம்புசெட்டைப் போல விட்டுவிட்டு வெளிப்பட்டது. வாசலில் காத்திருந்த சுப்பராயலு பதறி உள்ளே வந்தார், கல்லு ஏட்டு சிரிப்பதைக் கண்டார், தாமும் சிரித்தார். வீரமணி சிறிது நேரம் முறைத்து நின்று, பின்னர்த் தாமும் சிரித்தார். மைத்துனர் இருவரும் ஒரே வண்டியில் ஏறிச் சென்றனர்.

வழக்கு முடிந்தது, சிரிப்பு முடியவில்லை. அது நாள்தோறும் வரலாயிற்று. காசம்மாள் என்னும் அம்மையாரின் கோழி, அவர் வீட்டுக்கு எதிரிலுள்ள குறுகிய சந்தினைக் கடந்துபோய் அப்பாலிருந்த வைக்கோற்போரில் முட்டையிட்டு வந்தது. சந்துக்கு இப்பால் புதுச்சேரி, அப்பால் தமிழ்நாடு. "கோழி நம்ம கோழி சார். முட்டை எந்த கவர்மெண்ட்டுது?" என்று அவர் கேட்டபோது, புகழ்வேந்தன் எழுந்து பின்கட்டுக்கு ஓடித் துண்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். கவாத்தின்போது உயரதிகாரி ஒருவர் 'சேவையே நமது மூச்சு' என்று முழங்கி, மூச்சு வாங்கி நின்றார். வரிசையின் நடுவில் ஒரு சிவப்புத் தொப்பி மட்டும் குலுங்கிற்று. வெயிலில் மயக்கம் என்று சொல்லிச் சக காவலர்கள் அவரை நிழலுக்கு அழைத்துச் சென்றனர்.

அன்று மாலையே அவர் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பித்தார். காரணம் என்னுமிடத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதினார். தம் முகம் முழுவதுமாக உதிர்ந்து விழுவதற்கு முன், மரியாதையோடு வெளியேறிவிட வேண்டும் என்பதே அவர் விருப்பம். உண்மையை ஒருவரிடம் மட்டுமே சொன்னார், அவர் நம்பவில்லை.

"சிரிப்பா? ஒங்களுக்கா?" என்றார் அவர் மனைவி மகாலட்சுமி. "நம்ம கல்யாணத்துல எங்க பெரியப்பாவுக்கு வேட்டி அவுந்து வுழுந்துச்சே, பந்தலே சிரிச்சுது. நீங்க சிரிச்சீங்களா?"

"இல்ல."

"டிவில ஜோக்கு போட்டா எழுந்து போயி சட்டைக்கு இஸ்திரி போடுவீங்க. எங்க, இப்போ சிரிச்சுக் காட்டுங்க பாக்கலாம்."

புகழ்வேந்தன் முயன்றார். உதடுகள் விலகின, பற்கள் தெரிந்தன.

"ஐயோ, வுட்டுடுங்க! பல்லு வலிக்காரரு மாதிரி இருக்குது. வேற இன்னாவோ இருக்குது, மறைக்கிறீங்க. பிரமோஷன் குடுத்து ஆந்திரா பக்கம் ஏனாம்ல தூக்கிப் போட்டுடுவாங்கன்னு பயம், அதான?"

மனைவியே நம்பாததை ஊர் நம்புமா? மாதச் சம்பளத்தைக் காலம் முடியும் முன்னரே ஒருவர் கைவிடுகிறார் என்றால் அதற்குத் தக்க காரணம் இருந்தாக வேண்டும். தேநீர்க் கடையில் காரணங்கள் பிறந்தன. முழங்கால் தேய்ந்துவிட்டது என்றார் ஒருவர். பிள்ளையார்குப்பத்து மருத்துவமனையில் பாதுகாப்பு அதிகாரியாகப் போகிறார், குளிரூட்டிய அறையும் சுழல் நாற்காலியும் உண்டு என்றார் மற்றொருவர். வீரமணி மட்டும் இருவரையும் இரக்கத்தோடு நோக்கினார்.

"மண்டையில மசாலா இல்லாதவனுங்களா. எலெக்‌ஷன்டா! கொம்யூன் பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல நிக்கிறாரு. அதுக்குத்தான் கொஞ்ச நாளா சிரிச்சுப் பழகுறாரு. சிரிக்காதவனுக்கு எவன்டா ஓட்டுப் போடுவான்?"

இவ்விளக்கத்தில் ஒரு குறையும் இல்லை. பல ஊர்களை ஒன்றாக ஆளும் கொம்யூன் பஞ்சாயத்துக்குத் தேர்தல் எப்போது வரும் என்பதை எவரும் அறியார். ஆதலால் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மாலைக்குள் ஊர் முழுவதும் அச்செய்தி பரவிற்று. மறுநாள் காலை நாற்சந்தியில் பேனர் எழுந்தது.

அதே காலையில் ஆய்வாளர் மணிவண்ணன், அனுமதியின்றிக் கட்டப்பட்ட பதாகைகளை எல்லாம் அகற்றி, கட்டியவர் மீதும் படத்தில் இருப்பவர் மீதும் வழக்குப் பதியுமாறு ஆணையிட்டார். புகழ்வேந்தனும் இளங்காவலர் சேவியரும் ஏணியோடு புறப்பட்டனர். பிறந்தநாள் ஒன்று, மஞ்சள் நீராட்டு ஒன்று, பழைய புத்தாண்டு வாழ்த்து ஒன்று ஆகியவற்றை இறக்கி உருட்டிக்கொண்டு நாற்சந்திக்கு வந்தனர். அங்கே சேவியர் வண்டியை நிறுத்தி, வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"ஏட்டையா, ஒரு டவுட்டு. இந்த ஆளு பர்மிஷன் வாங்கியிருப்பாரா?"

"எந்த ஆளு?"

"நடுவுல கும்பிட்டுக்கினு நிக்கிறாரே, அவரு."

புகழ்வேந்தன் நிமிர்ந்தார். இருபுறமும் இரு சிங்கங்கள் கர்ச்சித்தன. இடையே அவர் நின்றார். முகம் ஏதோ ஒரு திருமணப் படத்திலிருந்து எடுக்கப்பட்டது. கொலை வழக்கில் தேடப்படுபவரின் முகம் போல் இருந்தது. கழுத்துக்குக் கீழே தூய வெள்ளை வேட்டி சட்டையும், கூப்பிய கைகளும், சட்டைப் பையில் ஒரு ரோசாப்பூவும், அவருக்குச் சற்றும் இல்லாத பெருந்தொந்தியும் இருந்தன. 'கரைமேட்டின் கம்பீரமே! காக்கியைக் கழற்று! கொம்யூனைக் காப்பாற்று!' என்று எழுதியிருந்தது. அருகில், கறுப்புக் கண்ணாடியணிந்து கைப்பேசியில் எவருடனோ பேசியவாறு, முழுப் பூசணிக்காய் அளவில் வீரமணி விளங்கினார்.

"படத்துல இருக்கிறவரு மேலயும் கேஸ் போடச் சொல்லியிருக்காங்க ஏட்டையா," என்றார் சேவியர், குரலில் மாற்றமின்றி. "பேரு இன்னான்னு எழுதிக்கிறது? ஆளு தலைமறைவுன்னு போட்டுடவா?"

வயிற்றில் உருண்டது. புகழ்வேந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார். ஒரு பக்கக் கயிற்றை அவிழ்க்கும்வரை தாங்கினார். மறுபக்கத்தில் தம் தொந்தியை மிக அருகில் கண்டார். அவ்வளவுதான். ஏணி ஆடிற்று, கயிறு அறுந்தது, பேனர் முழுவதும் அவர்மேல் கவிந்து அவரை மூடிக்கொண்டது. உள்ளே அவர் குலுங்கக் குலுங்க, வெளியே சிங்கங்களும் கூப்பிய கைகளும் குலுங்கின.

கடலூர்ப் பேருந்து நின்றுவிட்டது. கரும்பு ஏற்றிய டிராக்டர் அதன்பின் நின்றது. வீரமணி எங்கிருந்தோ பட்டாசுச் சரத்தோடு ஓடிவந்தார்.

"பாருங்கடா! தன் பேனரத் தானே கழட்டுறாரு! எந்த நாட்டுலடா இப்பிடி ஒரு தலைவரு? எளிமைடா, எளிமை!"

"உள்ள இன்னாபா சத்தம்?" என்றார் பேருந்து ஓட்டுநர்.

"அழுவுறாரு! ஜனங்க பாசத்தத் தாங்க முடியாம அழுவுறாரு!"

பேருந்திலிருந்த பெண்கள் சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டனர். சரம் வெடித்தது. அரை மணி நேரத்திற்குள் அக்காட்சி கைப்பேசிகள் வழியே கொம்யூன் முழுவதும் உலா வந்தது. ஆய்வாளரின் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது.

ஆய்வாளர் மணிவண்ணன் வயதில் இளையவர்; நல்லவர். அவர் புகழ்வேந்தனை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"புகழ், ஒளிக்காம சொல்லுங்க. எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா?"

"இல்லைங்க சார்."

"சர்வீஸ்ல இருக்கும்போது அரசியல்னு மேல தெரிஞ்சா என்கொயரி போடுவாங்க. அது முடியிற வரைக்கும் உங்க வி.ஆர்.எஸ். பேப்பர் அசையாது. பென்ஷனும் மாட்டிக்கும். நான் இன்னான்னு எழுதி அனுப்புறது? இவரு எதுக்குதான் போறாருன்னு கேட்டா இன்னா சொல்றது?"

புகழ்வேந்தன் விறைப்பாக நின்றார். உண்மையைச் சொன்னால் நகைப்புக்கு இடமாகும். சொல்லாவிட்டால் விசாரணை வரும், தாம் இச்சீருடைக்குள்ளேயே இச்சிரிப்போடு ஆண்டுக்கணக்கில் சிறைப்பட நேரும்.

"சிரிப்பு வருதுங்க சார்," என்றார்.

"யாருக்கு?"

"எனக்குங்க சார். புகார் குடுக்க வந்தா வருது. கவாத்துல வருது. அடக்க முடியலைங்க சார். அதுக்காகத்தான் போறேன்."

மணிவண்ணன் அந்த முகத்தை உற்று நோக்கினார். அதில் சிரிப்புக்குரிய அறிகுறி எதுவும் இல்லை.

"எங்க, சிரிங்க பாப்போம்."

"கேட்டா வரமாட்டேங்குதுங்க சார்."

ஆய்வாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, வீரமணியை அழைத்துவருமாறு சேவியரிடம் கூறினார். வீரமணி மார்பை நிமிர்த்தியவாறு வந்தார்.

"நான்தான் சார் கட்டுனேன். ஏட்டையா வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல. கேட்டாத் தலைவரா சார்? நாமளே செய்யணும். மூஞ்சி பங்காளி வூட்டுக் கல்யாண ஆல்பத்துல கெடைச்சுது. யூனிபார்ம்ல இருந்திச்சு, அது நல்லா இருக்காதுன்னு ஒடம்ப மாத்தச் சொன்னேன்."

"ஒடம்பு யாருது?"

வீரமணி முதன்முறையாகத் தயங்கினார். அதற்குரிய விடை வாசலிலிருந்து வந்தது. சுப்பராயலு நின்றுகொண்டிருந்தார், முகம் சிவந்திருந்தது.

"என்னுது சார்! அந்த ஒடம்பு என்னுது! புகார் குடுக்க வந்திருக்கிறேன்."

"எப்பிடி சொல்றீங்க?"

"காலம்பறலேருந்து ஊரே சொல்லுது சார். என் பாப்பா காதுகுத்துக்கு நான் குத்திக்கினு இருந்த ரோஸ் அது. இந்த மோதிரம் பாருங்க. தொந்தியப் பாருங்க." அவர் உருட்டி வைத்திருந்த பேனரைத் தாமே விரித்து, அதனருகில் நின்று கைகூப்பினார். ஐயத்திற்கு இடமே இல்லை. கழுத்துக்குக் கீழே இருவரும் ஒருவரே.

"மச்சான், ஒன் ஒடம்பு நல்லா இருக்குதுன்னுதான எடுத்தேன். பெருமைதான ஒனக்கு?" என்றார் வீரமணி.

"பெருமையா? சார், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். ஒடம்ப எடுத்தவன் தலைய ஏன் சார் தூக்கிப் போட்டான்? என் தலைக்கு இன்னா கொறைச்சலு? நான் நின்னா ஓட்டு வுழாதா?"

"சேவியர்," என்றார் ஆய்வாளர், மிகுந்த கவனத்தோடு, "ஒடம்பு திருட்டு எந்த செக்‌ஷன்ல வரும்?"

"முழு ஒடம்பு இல்லைங்க சார், தலையக் கழிச்சுக்கணும். மீட்டுக் குடுக்கணும்னா ஏட்டையா கழுத்துலேருந்து வெட்டி எடுக்கணும்."

பம்புசெட்டு உயிர்பெற்றது. புகழ்வேந்தன் மேசையைப் பற்றிக்கொண்டு, கண்களில் நீர் வழிய, தொப்பி சரிய, விட்டுவிட்டுச் சிரித்தார். மணிவண்ணன் முதலில் திகைத்தார். பின்னர் அவர் உதட்டோரம் துடித்தது. பின்னர் அவரும் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். சேவியர் கதவைப் பிடித்துக்கொண்டார். வீரமணி சிரித்தார்; சிரிக்கக் கூடாது என்று வந்திருந்த சுப்பராயலு, தம் தொந்தி ஆடுவதைப் பேனரிலுள்ள தொந்தியோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தாமும் சிரித்தார். காவலறையில் இருந்த மதுக்கடத்தல்காரர் ஒருவர், காரணம் அறியாமலேயே சிரித்தார்.

"இதுக்கா," என்றார் ஆய்வாளர், கண்களைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கா வேலைய வுட்டுட்டுப் போறீங்க? யோவ் புகழ், நானும்தான் சிரிக்கிறேன். எல்லாரும்தான் சிரிக்கிறோம். சண்டைக்காரனுங்க சிரிச்சுக்கினு வூட்டுக்குப் போனா ஸ்டேஷனுக்கு நல்லதுதான? வீரமணி எல்லாம் நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போவாரு. என்கொயரி கெடையாது. உங்க பேப்பரக் கிழிச்சுப் போட்டுடறேன். இன்னும் அஞ்சாறு வருஷம் நல்லா சிரிச்சுக்கினு இருங்க."

புகழ்வேந்தனின் உள்ளம் பஞ்சுபோல் ஆயிற்று. தாம் நோயென்று கருதியது பிறர்க்கு மகிழ்ச்சியாக இருக்கிறது! பற்றிக்கொண்டிருந்த மேசையை அவர் விடவில்லை. சிரிப்பு இன்னும் வந்துகொண்டே இருந்தது. தலையை ஆட்டித் தம் இசைவைத் தெரிவிக்க இருந்தார்.

அப்போது வாசற்படியில் ஒரு பெண் வந்து நின்றார். வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார். கால்களில் சேறு காயவில்லை. பெயர் அமிர்தம்.

"எங்கப்பாவக் காணோம் சார்," என்றார். "நெனவு தப்பிப் போற ஆளு. ஏரிக்கரைப் பக்கமாப் போனாருன்னு சொல்றாங்க. தண்ணி நெறைய கெடக்குது சார்."

மணிவண்ணனின் சிரிப்பு விளக்கணைத்ததுபோல் நின்றது. சேவியர் கதவை விட்டு நிமிர்ந்தார். வீரமணியும் சுப்பராயலுவும் ஒதுங்கி வழிவிட்டனர். அந்த அறையில் ஓர் ஒலி மட்டும் நிற்கவில்லை.

அமிர்தம் அவ்வொலி வந்த பக்கம் திரும்பினார். தலைமைக் காவலர் தம்மைப் பார்த்தவாறே வாய்விட்டுச் சிரிப்பதைக் கண்டார். தம் சேலையைச் சரிசெய்துகொண்டு, தம்மிடம் சிரிப்புக்குரியது ஏதேனும் உண்டோ என்று குனிந்து பார்த்தார். புகழ்வேந்தன் துண்டை வாயில் திணித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார். தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். அங்கும் அது நிற்கவில்லை.

முதியவர் விரைவிலேயே கிடைத்துவிட்டார். ஏரிக்கரைக்கு அப்பாலுள்ள பேருந்து நிறுத்தத்துக் கடையொன்றில், தம்மை யாரென்று கேட்டவர்களிடம் தாம்தான் கடையின் உரிமையாளர் என்று அறிவித்து, மிளகாய் பஜ்ஜிகளை இலவசமாக வழங்கிக்கொண்டிருந்தாராம். சேவியர் அவரை வண்டியில் ஏற்றிவந்தார். அமிர்தம் தந்தையைத் திட்டினார், அழுதார், அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துத் தின்றார். பின்னர் இருவரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினர்.

ஆய்வாளர் பின்கட்டுக்கு வந்தபோது புகழ்வேந்தன் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"பெரியவரு கெடைச்சுட்டாரு புகழ். அந்தம்மா கோவமெல்லாம் படல. போறப்ப சிரிச்சுக்கினுதான் போச்சு."

"தெரியுதுங்க சார். கேட்டுச்சு."

"அப்புறம் இன்னா? நானும்தான் சிரிச்சேன்."

"நீங்க நிறுத்திட்டீங்க சார்."

முன்கூடத்தில், பேனரிலுள்ள உடம்பைக் கத்தரித்து எடுத்துக்கொள்வதா, தலையைக் கத்தரித்துக் கொடுப்பதா என்று மைத்துனர் இருவரும் வாதிட்டுக்கொண்டிருந்தனர். புகழ்வேந்தன் துண்டால் முகத்தைத் துடைத்து, அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பேப்பரக் கிழிக்காதீங்க சார். மேல அனுப்பிடுங்க. நான் போயிடறேன்."